விலைக்கு வந்த பண்ணை

இந்தூர் நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒருவரையொருவர் காணும்பொழுது முதலில் கேட்டுக்கொள்வது, "ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்பதாகும். அடுத்து வரும் கேள்வி, "ஓய்வு பெற்றபின் எங்கே இருப்பதாக உத்தேசம்?" என்பது. முதற் கேள்விக்கு எல்லோரிடமும் விடையுண்டு. பள்ளி விடுமுறையும் ரயிலில் இடம் கிடைக்கும் நாளும் அதனைத் தீர்மானித்துவிடும். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் விடை கூறியவர்களை நாங்கள் அதிகம் கண்டதில்லை. 1988-ஆம் ஆண்டில் வங்கி உத்தியோகத்தின் பொருட்டு மாற்றலாகி இங்கு வந்த நாங்களும், முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கேள்வியைப் புன்னகையோடு கடந்து வந்தவர்களே.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தி நாளிதழின் விளம்பரப் பக்கத்தில் நான்கு வரிகள் எங்கள் கண்ணிற் பட்டன. தேபால்பூர்ப் பக்கத்தில் பழம்பெருமை வாய்ந்த பண்ணை ஒன்று விலைக்கு வருகிறது, 40 பீகா நிலம், இரண்டு கிணறுகள், மாமரங்கள், ஓடு வேய்ந்த வீடு, 90 ஆண்டுகளாக இரசாயன உரம் படாத மண். செய்தி இவ்வளவுதான். 40 பீகா என்பது இப்பகுதிக் கணக்கில் ஏறக்குறைய 25 ஏக்கர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் யாருடைய மண்ணில்தான் இரசாயன உரம் பட்டது என்று குறும்பாகக் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். ஆயினும் அந்த நான்கு வரிகளைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டோம்.

அன்று மாலையே நம் சங்கத்து நண்பர்கள் மூவர் எங்கள் இல்லத்திற் கூடிவிட்டனர். நான்கு குடும்பமாகச் சேர்ந்து வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு சிறு வீடு, நடுவில் ஒரு கிணற்றடி, பத்துப் பசுக்கள், வாசலில் கோலம், மாலையில் திண்ணைப் பேச்சு என்று இரவு பத்து மணிக்குள் மாளவத்தின் நடுவே ஒரு தமிழ்க் கிராமம் எழும்பிவிட்டது. எங்களுள் சமையலறைப் பொறுப்பை உடையவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே நெல் விளையுமா?" விளையாது. மாளவத்தின் கரிசல் மண் கோதுமைக்கும் கடலைக்கும் பருத்திக்கும் உரியது. இப்பொழுது மழைக்காலத்தில் எங்கு நோக்கினும் சோயா. நெல் இல்லாத ஊரில் தமிழ்க் கிராமமா என்று சிறிது நேரம் சிரித்தோம்.

அடுத்த வாரம் தரகருடன் புறப்பட்டோம். நகரத்தை விட்டு நீங்கியதும் இருமருங்கிலும் கோதுமை கதிர் வாங்கி நின்றது. தரகர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய கண் முழுவதும் சாலையின்மீதே இருந்தது. "முன்பக்கம் இருநூறு அடிக்குமேல் சாலைமுகம் இருக்கிறது, சாஹப், அதுதான் விஷயம்," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மண்ணைப்பற்றி விசாரித்தபொழுது, "ஆமாம், ஆமாம், அதையும் விளம்பரத்திற் போட்டிருக்கிறோமே" என்றார்.

பண்ணைக்குரியவர் எண்பதை நெருங்கியவர். அப்பகுதியில் மூத்தோரைத் 'தாதா' என்று மரியாதையாக அழைப்பார்கள். நம்மூர்த் திரைப்படங்கள் அச்சொல்லுக்குத் தந்திருக்கும் பொருளை வாசகர்கள் மறந்துவிட வேண்டுகிறோம். தாதா எங்களை வீட்டிற்குள் அழைக்கவில்லை. "வீடு எங்கும் இருப்பதுதான். முதலில் குழியைப் பாருங்கள்" என்று கைத்தடியை ஊன்றியவாறு பின்புறம் நடந்தார்.

அங்கே பூவரசு போன்ற அகன்ற நிழலுடைய ஒரு மரத்தின் கீழ் நான்கு எருக்குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நீளம் 30 அடி, அகலம் 14 அடி, ஆழம் இரண்டு அடிக்குச் சற்று அதிகம். பக்கங்கள் சரிவாக வெட்டப்பட்டிருந்தன. அளவைக் கேட்டதும் எங்களுக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில் அந்த அளவை நாங்கள் முன்னரே ஒரு நூலிற் படித்திருந்தோம்.

இந்தூரில் வாழ்ந்துகொண்டே நம்மவருட் பலர் அறியாத ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். இயற்கை வேளாண்மையைப் பற்றி உலகில் எவர் பேசினாலும் 'இந்தூர் முறை' என்ற சொல் ஓரிடத்தில் வந்தே தீரும். அது நம்முடைய இந்த இந்தூர்தான். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவர நூலறிஞர் 1905-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பணிக்காகப் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அவர் துணைவியார் கேப்ரியல் அம்மையாரும் தாவர அறிஞரே. கணவனும் மனைவியுமாகக் கோதுமை வகைகளை ஆராய்ந்து பெயர் பெற்றனர். ஆனால் விதையை ஒரு துறையார், மண்ணை ஒரு துறையார், பூச்சியை ஒரு துறையார் என்று பிரித்து வைத்துக்கொண்டு பயிரை அறிய முடியாது என்பது ஹோவர்டின் துணிபு. அதற்கேற்ப ஒரு நிலையம் அமைக்க இடம் தேடியபொழுது ஓல்கர் அரசு இந்தூரில் 300 ஏக்கர் நிலம் தந்தது. 1924-ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இன்று வேளாண்மைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. நம் குழந்தைகள் பலர் அதன் மதிலோரமாகவே பள்ளிக்குச் சென்று வருகின்றனர்.

அங்கே அவர் செய்தது வெளிப்பார்வைக்கு மிக எளிய காரியம். பருத்திமார், துவரைமார், களை, சருகு, கரும்புச் சோகை என்று கழிவாகும் பயிர்ப்பொருள் அனைத்தையும் சேர்த்தார். கடினமான பருத்திமாரைப் பண்ணைச் சாலையிற் பரப்பி, மாட்டு வண்டிகளின் சக்கரத்தாலேயே நசுங்கச் செய்தார். மாட்டுக் கொட்டிலின் தரையில் மண்ணைப் பரப்பி, கோமூத்திரம் ஊறிய அம்மண்ணையும் எடுத்துக்கொண்டார். குழியில் பயிர்க்கழிவு ஓரடுக்கு, அதன்மேல் சாணக்கரைசலும் மூத்திர மண்ணும் விறகுச் சாம்பலும், மீண்டும் பயிர்க்கழிவு. ஏறக்குறைய 15 நாளில் ஒருமுறை, ஒரு மாதத்தில் மறுமுறை, இரண்டு மாதத்தில் மூன்றாம் முறை என்று புரட்டிப்போட்டு, ஈரம் குறையாமற் காத்தால் மூன்று மாதத்தில் கறுத்த, மணமுள்ள, கையில் ஒட்டாத எரு ஆகிவிடும். காற்றும் ஈரமும் சரியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எஞ்சிய வேலையைச் செய்துவிடும். யசுவந்த் வாட் என்ற இந்திய உதவியாளருடன் சேர்ந்து 1931-ஆம் ஆண்டில் இம்முறையை அவர் நூலாக வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் கேப்ரியல் அம்மையார் காலமாகிவிட்டார். 1935-ஆம் ஆண்டில் இந்தூருக்கு வந்த காந்தியடிகள் அந்தக் குழிகளைப் பார்வையிட்டுச் சென்றார்.

இது வெள்ளைக்காரர் கற்றுக் கொடுத்த வித்தை என்று எவரும் எண்ண வேண்டா. இந்நாட்டு உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாக எண்ணியதாக அவரே எழுதியிருக்கிறார். சீன உழவர்களின் பழக்கமும் அவருக்கு வழி காட்டியது. நம் தமிழ்நாட்டிலும் அதே நாட்களில் இவ்விசாரணை நடந்தது. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டிலேயே தொழுவுரம் இட்ட பாத்தி, இரசாயன உரம் இட்ட பாத்தி, ஒன்றும் இடாத பாத்தி எனப் பிரித்து நெடுங்காலச் சோதனை தொடங்கியது. அங்கிருந்த விசுவநாத் என்ற வேளாண் இரசாயன அறிஞரும், குன்னூரில் உணவாராய்ச்சி செய்த மக்காரிசன் என்ற மருத்துவரும் சேர்ந்து, தொழுவுரத்தில் விளைந்த தானியத்துக்கு ஊட்டம் மிகுதி என்று 1926-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஹோவர்டு பின்னாளில் தம் கட்சிக்குத் துணையாக மக்காரிசனின் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினார்.

இனிப் பண்ணைக்குத் திரும்புவோம்.

தாதாவின் பாட்டனார், 1930-களின் தொடக்கத்தில் ஏதோ வழக்கின் பொருட்டு இந்தூருக்கு வந்தவர், வேடிக்கை பார்க்க அந்த நிலையத்துக்குள் நுழைந்தாராம். திரும்பி வந்ததும் முதல் வேலையாக இரண்டு குழிகள் வெட்டினார். வீட்டில் பெரும்போர் மூண்டது. சாணம் முழுவதும் குழிக்குப் போய்விட்டால் வறட்டிக்கு என்ன செய்வது, வறட்டி இல்லாவிட்டால் ரொட்டியை எதிற் சுடுவது என்று பாட்டியார் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லையாம். மூன்றாம் நாள் பாட்டனார் வரப்போரமெங்கும் கருவேல விதையை ஊன்றினார். அம்மரங்கள் விறகாகும்வரையில் அந்த வீட்டில் சமாதானம் ஏற்படவில்லை என்று தாதா நகைத்தார். சாணம் எருவா, எரிபொருளா என்ற இந்த வழக்கு நம் நாட்டின் எல்லா வீடுகளிலும் நடந்ததுதான். பெரும்பாலான வீடுகளில் அடுப்பே வென்றது.

"மற்றவர்கள் மூட்டைகளில் உரம் வாங்கத் தொடங்கியபோது நீங்கள் ஏன் வாங்கவில்லை?" என்று கேட்டோம்.

"என் தகப்பனார் ஒரு வருடம் வாங்கினார், சாஹப். விளைச்சல் கூடத்தான் செய்தது. ஆனால் அந்த வருடம் குழிகள் காலியாகக் கிடந்தன. காலியான குழியைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்."

அப்படியானால் விளம்பரத்திற் கண்ட 90 ஆண்டில் ஓராண்டு குறைகிறது என்று தரகரைப் பார்த்தோம். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் விற்கிறார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஒரு மகன் புனேயில், ஒரு மகன் அயல்நாட்டில். தம்பி மக்களுக்கும் பங்குண்டு. அவர்கள் பணமாகக் கேட்கிறார்கள். பக்கத்து நிலங்களிற் களைக்கொல்லி அடிக்கும்பொழுது காற்று இந்தப் பக்கம் வீசுகிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இவற்றுள் எதுவும் நமக்குப் புதிதன்று. ஊர்ப்பெயரை மாற்றினால் நம் குடும்பக் கதைதான்.

இரண்டாம் முறை ஏப்ரலிற் சென்றோம். கோதுமை அறுவடை முடிந்திருந்தது. தாதா ஊரில் இல்லை. குழியடியில் 'காகா' இருந்தார். அறுபது வயதைக் கடந்த பண்ணையாள். அவருடைய தந்தையும் அங்கேயே வேலை பார்த்தவர். நிலத்தில் ஓர் அங்குலமும் அவர் பெயரில் இல்லை. கடலைச் செடியும் வேப்பஞ்சருகும் அடுக்கி ஒரு குழியைப் புதிதாக நிரப்பிக்கொண்டிருந்தார். பழைய குழி ஒன்றில் எங்கள் கையைப் பிடித்து உள்ளே விடச் சொன்னார். சூடு உள்ளங்கையிற் பட்டது. "இது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. சூடு அடங்கினால்தான் வயலுக்குப் போகும்" என்றார். பிறகு புதுக்குழியைக் காட்டி, "இதை ஜூன் மாதம் மூன்றாம் முறை புரட்ட வேண்டும். அப்போது இங்கே யார் இருப்பார்கள், பாபுஜி? நீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்து, "உங்கள் ஊரில் நிலம் உண்டா?" என்றார்.

"இருந்தது" என்றோம்.

கும்பகோணத்துக்கு அருகே எங்கள் தந்தையாருக்கு ஏழு மா நன்செய் இருந்தது. இரண்டேகால் ஏக்கருக்குச் சற்று மேல். சித்திரை வைகாசியில் இராமநாதபுரப் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, இரவுகளில் வயலில் ஆட்டுக்கிடை போடச் செய்வார் தந்தையார். பூவரசந்தழை, புங்கந்தழை, கொழுஞ்சி ஆகியவற்றை வெட்டி வந்து சேற்றில் மிதிக்க வேண்டும். கோடையில் வாய்க்கால் தூர் வாரும்பொழுது வண்டலை ஒரு கூடைகூட விட்டுவிட மாட்டார். பிற்காலத்தில் அவரும் யூரியா வாங்கினார். இல்லையென்று சொன்னால் பொய்யாகும். ஆனாலும் கிடை போடுவதை நிறுத்தவில்லை. 2003-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2007-ஆம் ஆண்டில் ஊரிலிருந்த தம்பி, "அண்ணா, குத்தகைக்காரர் விட்டுவிட்டார், என்ன செய்வது?" என்று தொலைபேசியிற் கேட்டபொழுது, "விற்றுவிடு" என்ற ஒரு சொல்லை இந்தூரிலிருந்து சொன்னவர்கள் நாங்களே. பவர் பத்திரம் ஒன்றை அஞ்சலில் அனுப்பிவைத்தோம். கிரயப் பத்திரத்தின் நகலைப் பின்னர் படித்துப் பார்த்தோம். நான்கெல்லை இருந்தது, சர்வே எண் இருந்தது, வரப்பிலிருந்த இரண்டு தென்னையும்கூட இருந்தது. இத்தனை கிடை, இத்தனை தழை, இத்தனை வண்டல் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை.

இவ்வளவையும் காகாவிடம் எங்கள் அரைகுறை இந்தியிற் சொல்ல இயலவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் வியந்திருக்க மாட்டார்.

அன்றிரவு நண்பர்கள் கூடினோம். இம்முறை கிராமம் எழும்பவில்லை. கணக்குப் புத்தகம்தான் திறந்தது. ஒரு நண்பர் சான்றிதழைப்பற்றி விசாரித்து வந்திருந்தார். இயற்கை விளைபொருள் என்று முறைப்படி விற்பதற்குச் சான்றளிப்பு நிறுவனத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்றாண்டு மாறுகாலம் என்பது பொது விதி. முந்திய வரலாற்றுக்குத் தக்க ஆதாரம் காட்டினால் சற்றுக் குறைப்பார்களாம். தாதாவிடம் இருந்த ஆதாரம் அந்த நான்கு குழிகளே. மற்றொரு நண்பர் இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் கொணர்ந்தார். ஈவ் பல்ஃபர் என்ற சீமாட்டி ஹோவர்டின் கருத்துக்களிலும் மக்காரிசனின் கருத்துக்களிலும் ஈடுபட்டு, 1939-ஆம் ஆண்டில் சஃபோக் மாவட்டத்து ஹாலே கிராமத்தில் பக்கம் பக்கமாக இயற்கை வேளாண்மையையும் இரசாயன வேளாண்மையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். 1946-ஆம் ஆண்டில் மண் நலத்துக்கென்றே ஒரு சங்கமும் அங்கு எழுந்தது. மூன்று பத்தாண்டுகள் உழைத்தும், பணமுடையால் அந்தப் பண்ணையும் 1970-ஐ ஒட்டி விலைக்குப் போயிற்று. "அத்தனை பேர் கூடியும் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. நாம் நால்வர்" என்றார் நண்பர். பேசியது சரிதான். ஆனால் அவர் விலகிக்கொள்வதற்கு ஒரு பெரிய உதாரணம் தேவைப்பட்டது என்பதையும் நாங்கள் உணர்ந்தோம்.

மூன்றாம் நண்பரின் மனைவியார் அதுவரை வாய் திறவாமல் இருந்தவர், "மாட்டை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுள் இளையவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு குழியை ஒருமுறை புரட்டுவது இரண்டு மூன்று பேருக்கு ஒரு நாள் வேலை. நாங்கள் மனத்திற் கொண்டிருந்த திட்டம் முழுவதிலும் மண்வெட்டி பிடித்து நின்றவர் காகா ஒருவரே என்பது அப்பொழுதுதான் விளங்கியது. அவரிடம் அதைப்பற்றி நாங்கள் கேட்கவும் இல்லை.

இதன் பின்னர் நாங்கள் செய்த ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஆசையும் விடவில்லை, துணிவும் வரவில்லை என்ற நிலையில், விலையைக் குறைத்துப் பார்ப்போம் என்று தாதாவுக்குத் தொலைபேசியிற் பேசினோம். விலை இன்னதென்று இங்கே எழுதுவது முறையன்று. பத்தில் ஒரு பங்கு குறைக்கக் கேட்டோம். அதற்கு ஒரு காரணமும் சொன்னோம்: இரசாயன உரம் இடாத நிலமாதலால் விளைச்சல் அக்கம்பக்கத்தைவிடக் குறைவுதானே என்றோம். வங்கியில் முப்பது ஆண்டு பேசிப் பழகிய நாக்கு அது. எந்தப் பெருமைக்காக அந்த நிலத்தை நாடிச் சென்றோமோ அதையே குறையாகச் சொன்னோம்.

தாதா கோபிக்கவில்லை. "பக்கத்து நிலமும் இதே விலைக்குத்தான் போயிற்று, சாஹப். சாலைமுகத்துக்கு என்ன விலையோ அதுதான். மண்ணுக்கென்று நான் எதுவும் சேர்த்துக் கேட்கவில்லையே" என்றார். பிறகு எங்கள் உடல்நலத்தை விசாரித்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

மேத் திங்களில் பத்திரம் பதிவாயிற்று. சாலையை அடுத்த 12 பீகாவை ஒருவர் 'மேரேஜ் கார்டன்' அமைக்க வாங்கினார். இந்தப் பக்கத்துக்கு வராத வாசகர்களுக்குச் சொல்லுகிறோம்: திறந்தவெளியில் புல்தரையும் மின்விளக்குகளும் மேடையும் அமைத்துத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் இடம் அது. பின்பக்கம் முழுவதும் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போயிற்று. அவர் சோயா போடுவார். மாடுகளைத் தாதாவின் உறவினர் ஓட்டிச் சென்றார். இவையெல்லாம் தரகர் சொன்ன செய்திகள். வேறு ஒரு பண்ணை இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றும் கேட்டார்.

ஜூலை முதல் வாரத்தில், நல்ல மழை நாளில், பிற்பகல் ஒரு மணிக்கு எங்கள் வீட்டு வாயிலில் காகா நின்றார். தோளில் ஒரு சாக்கு. பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கட்டியிருந்தார். தாம் முழுவதும் நனைந்திருந்தார். முகவரியைத் தரகரிடம் கேட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னோம், வராந்தாவிலேயே அமர்ந்தார். எதற்காக வந்தார் என்று புரியாமல் விழித்தோம்.

"மூன்றாம் புரட்டல் ஆகிவிட்டது. நாள் தவறவில்லை" என்றார்.

நிலம் கைமாறிய பின்னர், கூலி கொடுப்பவர் எவரும் இல்லாத நிலையில், மகனை ஒருநாள் உடன் அழைத்துக்கொண்டு சென்று அந்தக் குழியைப் புரட்டியிருக்கிறார். புதிய உரிமையாளர் தடுக்கவில்லையாம். மழை முடிந்ததும் குழிகளைத் தூர்த்துச் சமன்செய்யப் போவதாக மட்டும் சொன்னாராம். "அவருக்கு வேண்டிய மட்டும் டிராக்டரில் அள்ளிக்கொண்டார். மிச்சத்தில் ஒரு சாக்கு உங்களுக்கு. கைவிட்டுப் பார்த்தீர்களே, அது" என்றார்.

பணம் கொடுக்கப் போனோம். பேருந்துக் கட்டணம் எவ்வளவோ அதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திண்ணையில் வைத்துவிட்டார். சோறும் மிளகு ரசமும் பரிமாறினோம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, இது மருந்தா என்று கேட்டார். மருந்து மாதிரிதான் என்றோம். இப்பொழுது எங்கே வேலை என்று விசாரித்ததற்கு, மேரேஜ் கார்டனில் புல்தரைக்குத் தண்ணீர் விடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று மழை விடுவதற்கு முன்னரே புறப்பட்டுவிட்டார்.

சாக்கு எங்கள் மொட்டை மாடியில், ஓட்டுச் சார்ப்பின் கீழ் இருக்கிறது. கறிவேப்பிலைத் தொட்டிக்கு இரண்டு கை, ஊரிலிருந்து கொணர்ந்த மல்லிகைப் பதியனுக்கு இரண்டு கை, துளசிக்கு ஒரு கை இட்டோம். அதற்குமேல் எங்களிடம் தொட்டிகள் இல்லை. முக்காற் சாக்கு அப்படியே இருக்கிறது. இந்தூரில் வாழும் அன்பர்களுள் வீட்டில் செடி வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் முடிந்ததும் எங்களுடன் வந்தால், ஆளுக்கு ஒரு பை எடுத்துச் செல்லலாம். பையை மட்டும் மறவாமற் கொண்டுவர வேண்டுகிறோம்.